பழைய புல்லட் எஞ்சினுக்குச் சேலத்தில் ஒரு போரிங் பட்டறை

பழைய புல்லட் எஞ்சினை வீட்டு வாசலில் வைத்துப் பிரித்துக் கட்ட முடியுமா என்று கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் சிலிண்டருக்குப் போர் போடுவது (தேய்ந்த உட்சுவரை வெட்டி அகலமாக்கி மறுபடி வட்டமாக்குவது), பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கைப் பிரித்துப் புதிய பின் ஏற்றி நேர் பார்ப்பது, வால்வு அமரும் சீட்டை வெட்டுவது ஆகிய மூன்று வேலைகளுக்கு எவ்வளவு கைத்திறன் உள்ளவரும் பட்டறை வாசலில் போய் நின்றே ஆகவேண்டும். அந்த மூன்றும் சரியாக அமைந்தால் மற்றவற்றைப் பொறுமை பார்த்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று பிசகினாலும் வீட்டில் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த அத்தனை வேலையும் வீண். செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில், இருபுறமும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் தட்டிக்கொண்டிருக்க, பெயர்ப் பலகைகூட இல்லாமல் நடக்கும் ஒரு போரிங் பட்டறையில் இந்த மூன்று வேலைகளையும் செய்துகொண்டேன். இந்த மதிப்புரை அந்தப் பட்டறையைப் பற்றியது.

என்னுடையது 1996ஆம் ஆண்டின் ராயல் என்ஃபீல்டு புல்லட் ஸ்டாண்டர்ட் 350. சென்னையில் 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்தின் அடிப்படை அமைப்பையே பெரிதும் மாற்றாமல் கொண்டுவந்த, வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த எஞ்சின் அது. சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. நான்கு கியர், வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். இந்த வண்டியில் கொல்லிமலை, ஒகேனக்கல், வால்பாறை என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுற்றியிருக்கிறேன். வேகமாகப் போகும் வண்டி அல்ல; ஆனால் மணிக்கு அறுபதில் நாள் முழுக்க ஓட்டினாலும் ஓட்டுபவரையும் பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் களைப்படைய விடாது.

கோளாறு முதலில் தெரிந்தது ஏற்காட்டு மலைப்பாதையில். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். முன்பெல்லாம் மூன்றாம் கியரிலேயே ஏறிய இடங்களில் இரண்டாம் கியர் கேட்கத் தொடங்கியது. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சேலத்துக் காற்றைவிட அங்கே காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்ப இழுவை குறைவதும் கலவையில் பெட்ரோல் மிகுவதும் இயல்பே என்று சில மாதங்கள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் உயரம் அவ்வளவாகக் கூடியிராத நான்காவது, ஐந்தாவது வளைவிலேயே வண்டி திணறியபோது, குறை காற்றில் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை மூடி, வளைவு முடிந்து திறந்தால், பின்னால் நீலப் புகை. 300 கி.மீ. ஓடினால் ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் குறைந்தது.

வீட்டில் இரண்டு எளிய சோதனைகள் செய்தேன். அழுத்தம் கட்டும் நிலைக்கு எஞ்சினைக் கொண்டுவந்து, கிக்கர் மீது முழு எடையோடு ஏறி நின்றேன். நல்ல எஞ்சின் கொஞ்ச நேரமாவது ஆளைத் தாங்கி நிற்கும். என்னுடையது நின்ற கணமே பெருமூச்சு விட்டதுபோல் கீழே இறங்கியது. பிறகு பிளக் துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மீண்டும் நின்றபோது நன்றாகத் தாங்கியது. ஆயில் ஊற்றியதும் அழுத்தம் கூடினால் தேய்மானம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கிலும் சிலிண்டரிலும் இருக்கிறது என்றும், கூடாவிட்டால் வால்வில் இருக்கிறது என்றும் பொருள்.

இங்கே ஒரு பழைய கசப்பைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இப்போதைய பட்டறையை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்பது அதிலிருந்துதான் விளங்கும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு பட்டறையில் இதே சிலிண்டருக்குப் போர் போட்டேன். பிஸ்டனைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, சிலிண்டரை மட்டும் வாங்கிவைத்து, 0.50 ஓவர்சைஸுக்கு, அதாவது அசல் அளவைவிட 0.50 மி.மீ. அகலமாக, வெட்டிக் கொடுத்தார்கள். பிஸ்டன் வந்தபின் பார்த்தால் இடைவெளி தாராளமாக இருந்தது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் ஒலி, சூடேறும் வரை கேட்கும். கேட்டதற்கு, ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். வார்ப்பிரும்பில் வெட்டிய உலோகத்தைத் திருப்பி வைக்க முடியாது. அந்தச் சிலிண்டர் உண்மையில் ஓட ஓடக் கெட்டுத்தான் போனது.

ஆகவே இந்த முறை பட்டறையைத் தேடுவதிலேயே மூன்று வாரம் செலவிட்டேன். சேலத்தில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சங்ககிரி, நாமக்கல் லாரிகளும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் சுற்றி ஓடும் வட்டாரம் இது. பெரிய டீசல் எஞ்சின் வேலை செய்யும் கைகள் எல்லாப் பக்கமும் உண்டு. ஒற்றைச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கைகள் நேரம் ஒதுக்குமா என்பதுதான் கேள்வி. ஒரு பட்டறையில் சிலிண்டருக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "கோடு விழுந்திருக்கு, ஒரேயடியா ஒண்ணு போட்டுருங்க" என்றார்கள். அதாவது 0.75ஐத் தாண்டி நேராக 1.00 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போகச் சொன்னார்கள். அளவுகோல் எதையும் கையில் எடுக்காமல் சொன்ன சொல் அது. சிலிண்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையை ஒரு லாரி ஓட்டுநர் சொல்லித்தான் அறிந்தேன். இரண்டு லேத், ஒரு செங்குத்துப் போரிங் மிஷின், சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்க்கும் ஒரு ஹோனிங் மிஷின், ஒரு பெரிய ஹைட்ராலிக் பிரஸ். இவற்றுக்கு நடுவே ஒருவர் நடக்கும் அளவுக்கே இடம். பட்டறையை நடத்தும் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கூட அவர் மகனும் இரண்டு பையன்களும். நான் சிலிண்டரைத் துணியிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்தபோது, அவர் அதைத் தொடவே இல்லை.

"பிஸ்டன் எங்கீங்க தம்பி?" என்று கேட்டார்.

"அளவு தெரிஞ்ச பிறகு வாங்கலாம்னு இருக்கேனுங்க ஐயா."

"அளவு இன்னிக்குப் பாத்துச் சொல்றேன். வெட்டறது பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதானுங்க."

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய சொல் அது.

அளந்த விதத்தை அருகில் நின்று பார்த்தேன். முதலில் சிலிண்டரைக் கழுவித் துடைத்து, நிழலில் அரை மணி நேரம் வைத்தார். வெயிலில் வண்டியில் கட்டிக் கொண்டுவந்த இரும்பு சூடாக இருக்கும், சூட்டில் அளந்தால் அளவு பொய் சொல்லும் என்றார். பிறகு உள்விட்டம் அளக்கும், டயல் வைத்த போர் கேஜை மைக்ரோமீட்டரில் 70.50க்குச் சரிபார்த்துக்கொண்டு, மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் வண்டியின் முன்பின்னாக ஒரு முறையும் குறுக்காக ஒரு முறையும் அளந்தார். மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில், முன்பின் வாக்கில் 70.64; அதே இடத்தில் குறுக்காக 70.59, அடியில் 70.53. அதாவது சிலிண்டர் மேலே அகன்று, வட்டம் சிதைந்து நீள்வட்டமாகியிருந்தது. எஞ்சின் எரிந்து தள்ளும்போது சாய்ந்திருக்கும் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பிஸ்டனை ஒரு பக்கச் சுவரில் அழுத்துவதால் அந்தத் திசையில் தேய்மானம் கூடுதலாக வரும். இந்த ஆறு எண்களையும் அவர் சிலிண்டரின் வெளிப்புறத்திலேயே சாக்பீஸால் எழுதினார். பிறகு, "முக்கால் போட்டாலே சுத்தமாயிரும். ஒண்ணு எதுக்குங்க? அது அடுத்த தடவைக்கு இருக்கட்டும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்கிறேன். 0.75க்கு வெட்டினாலும் 1.00க்கு வெட்டினாலும் கூலி ஒன்றுதான்; அவருக்கு அதில் இலாபமோ நட்டமோ இல்லை. ஆனால் புல்லட் சிலிண்டருக்கு 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு படிகள்தாம் வழக்கமாகக் கிடைக்கின்றன. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கை வெட்டிக் குப்பையில் கொட்டுவதாக ஆகும். தேய்ந்த இடம் 70.64 என்றால் 70.75இல் முழுச் சுவரும் புதிதாகிவிடும் என்பதை அவர் ஊகத்தில் சொல்லவில்லை, அளந்து சொன்னார்.

பிஸ்டன் செட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் போனேன். பிஸ்டனையும் அவ்வாறே, பாவாடைப் பகுதியின் அடிப்பக்கத்தில், பின் செல்லும் திசைக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரில் அளந்தார். பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருப்பதில்லை. எரியும் தலைப்பக்கம் கூடுதலாகச் சூடேறி விரியும் என்பதால் அங்கே ஒடுக்கமாகவே செய்யப்பட்டிருக்கும். அந்த அளவோடு ஏறத்தாழ 0.10 மி.மீ. கூட்டி, அதுவே சிலிண்டரின் முடிவான அளவு என்றார். போரிங் மிஷினில் முழு அளவுக்கும் வெட்டாமல் சிறிது விட்டு, மீதியை ஹோனிங் கல்லால் எடுத்தார். முடிந்தபின் உள்ளே பார்த்தால், குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த மெல்லிய கோடுகள், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பாய்முடைச்சல் போல, மேலிருந்து கீழ்வரை சீராக இருந்தன. அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். புதிய ரிங் சுவரோடு பழகுவதும் அவற்றால்தான். கண்ணாடிபோல் மின்னும் சிலிண்டரைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. ஆனால் அப்படி மின்னினால் ரிங் உட்காராது.

கிராங்க் வேலை இதைவிடக் கடினமானது. அதற்கு முன் வீட்டில் அந்தக் கிராங்கை வெளியே எடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். புல்லட் எஞ்சினில் டைமிங் பக்கம் (வால்வுகளை இயக்கும் பற்சக்கரங்கள் உள்ள பக்கம்) ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டுக்கு இடப்புற மரை. எல்லா நட்டையும்போல இடப்பக்கம் திருப்பினால் அது கழலாது, இறுகும். என் வண்டியில் அந்த நட்டின் முனைகளில் உளி வைத்து அடித்த தழும்புகள் இருந்தன. முன்பு எவரோ இறுகும் பக்கத்துக்கே அடித்துப் போராடியிருக்கிறார். தவிர, இந்த எஞ்சினில் அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் கலந்து வரும் என்பதால், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அட்டையில் அதன் இடத்தை வரைந்து அங்கேயே குத்திவைத்தேன். பேரிங்குகளை எடுக்க அலுமினியக் கிராங்க்கேஸின் பாதியைப் பின்கட்டில் பழைய இரும்புத் தோசைக்கல்லில் கவிழ்த்துச் சிறு தீயில் வைத்தேன். தெளித்த நீர் சுர்ரென்று உடனே வற்றும் சூடு வந்ததும், தடித்த துணியால் பிடித்து மரப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் பேரிங் தானே விழுந்துவிடுகிறது. சூட்டில் இரும்பைவிட அலுமினியம் கூடுதலாக விரிகிறது என்பதே காரணம். சுத்தியலும் உளியும் எடுத்தவர்கள் கிராங்க்கேஸின் குழியைத்தான் கெடுத்திருக்கிறார்கள்.

என் வண்டியின் பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கின் பின்னோடு சேரும் அடிமுனை, மிதக்கும் புஷ் வகை. புஷ் என்பது ஓர் உலோக வளையம். பின்னுக்கும் கனெக்டிங் ராடுக்கும் இடையே அந்தப் புஷ் இரு பக்கமும் தளர்வாகச் சுழலும். ஆயிலின் மெல்லிய படலம்தான் அதைத் தாங்குகிறது. ராடு பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு. மேலும் கீழும் அசைந்தால் காலம் முடிந்தது. என்னுடையதில் மேல்கீழாக விரலுக்கே தெரியும் ஆட்டம் இருந்தது.

பெரியவர் கிராங்கின் இரு பக்கக் கனத்த சக்கரங்களான இரண்டு ஃபிளைவீலையும் பிரஸ்ஸில் பிரித்து, புதிய பின்னும் புஷ்ஷும் ஏற்றிக் கூட்டிய பிறகு, கிராங்கை லேத்தின் இரண்டு மையங்களுக்கு நடுவே தொங்கவிட்டார். இருபக்கத் தண்டிலும் டயல் கேஜின் முனை தொட்டிருக்க, கையால் மெல்லச் சுழற்றினார். ஊசி 0.12 மி.மீ. ஆடியது. ஆட்டம் மிகுந்த இடத்தில் ஃபிளைவீல் விளிம்பில் சாக்பீஸால் குறியிட்டு, கிராங்கை இறக்கிக் கையில் நிறுத்தி, செம்புச் சுத்தியலால் அந்தக் குறியில் ஒரே அடி. மறுபடி மையத்தில் ஏற்றி, மறுபடி சுழற்றி, மறுபடி ஊசியைப் பார்த்தார். 0.09. ஓர் அடி. 0.10. இந்த முறை தலையசைத்துவிட்டு எதிர்ப்பக்கம் குறியிட்டார். 0.06. பேச்சே இல்லை, பக்கத்துக் கொலுசுப் பட்டறையின் தட்டல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இப்படியே ஏற்றியும் இறக்கியும், ஊசி 0.03இல் நின்றபோதுதான் நட்டுகளை இறுதியாக இறுக்கினார். இறுக்கியபின் இன்னொரு முறை ஏற்றிப் பார்த்தார், ஏனெனில் இறுக்கும்போதும் நேர் தவறலாம். 0.05க்குள் இருந்தாலே இந்த எஞ்சினுக்குப் போதும் என்று நான் அறிந்திருந்தேன். அவருக்கு அது போதவில்லை. இந்த அளவு பொறுமையை இதற்கு முன் நான் விலை கொடுத்து வாங்கியதில்லை.

ராடின் மேல்முனைப் புஷ்ஷையும் அவரே மாற்றி, பிஸ்டன் பின் கட்டைவிரலால் தள்ளினால் வழுக்கிச் செல்லும் அளவுக்குத் துளையை நுணுக்கமாக அகலப்படுத்தும் ரீமர் போட்டுக் கொடுத்தார். வால்வு சீட்டை 45 பாகையில் மகன் வெட்டினார். அதில் சொல்ல அதிகமில்லை, நன்றாகவே இருந்தது. கிரைண்டிங் பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்து உட்கார வைப்பதை நான் வீட்டில் செய்தேன். ஹெட்டின் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தபோது வால்வு ஓரத்தில் ஈரம் கசியவில்லை.

இனிக் குறைகள். முதலாவது, சொன்ன நாள். நான்கு நாளில் தருவதாகச் சொன்ன வேலை பதினொரு நாள் ஆனது. லாரிக்காரர்கள் அவசரத்தோடு வந்தால் நம் சிலிண்டர் அலமாரிக்குப் போய்விடும். தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை, நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். ஏற்காட்டுக் கோடை விழா, பொங்கல் விடுமுறை என்று நாள் குறித்துக்கொண்டு வேலை கொடுப்பவர்கள் ஏமாறுவார்கள். இரண்டாவது, அளவுகளை எழுதித் தருவதில்லை. சிலிண்டர் மேல் எழுதிய சாக்பீஸ் எண்கள் கழுவினால் போய்விடும். நான் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டதால் தப்பித்தேன். இவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் பட்டறை, ஒரு துண்டுத் தாளில் ஆறு எண்களை எழுதிக் கொடுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று பெரியவரிடமே சொன்னேன். சிரித்தார், செய்வதாகச் சொல்லவில்லை.

மூன்றாவது குறை சற்றுப் பெரியது. போர் போட்ட சிலிண்டரின் அடிவிளிம்பைச் சாய்வாக மழித்துத் தராமல், கத்திமுனைபோல் அப்படியே விட்டுவிட்டார்கள். புதிய ரிங்குகளோடு பிஸ்டனை அடியிலிருந்து ஏற்றும்போது அந்த விளிம்பில் ரிங் மாட்டினால் உடைந்துவிடும். அரை வட்ட அரமும் எமரித் தாளும் கொண்டு நானே ஒரு மணி நேரம் செலவழித்து விளிம்பை மழுங்கச் செய்தேன். முதன்முறை செய்பவர் இதைக் கவனிக்காமல் போக வாய்ப்பு உண்டு. ஆகவே அங்கே வேலை கொடுப்பவர்கள் இதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

சிலிண்டரைக் கழுவித் தருவதும் பெயரளவுக்குத்தான். ஆனால் அதை நான் குறையாக எண்ணவில்லை. எந்தப் பட்டறையில் வாங்கினாலும் வீட்டில் மறுபடி கழுவியே ஆகவேண்டும். ஹோனிங் கல்லின் தூள் அந்த மெல்லிய கோடுகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அதை வெளியே கொண்டுவருவதில்லை. வெந்நீரும் சோப்பும் பிரஷும்தாம் கொண்டுவரும். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, ஆயில் தொட்டு உள்ளே துடைத்தேன். துணி சாம்பல் நிறமாக வந்தது. மறுபடி சோப்பு, மறுபடி வெந்நீர். ஐந்தாவது முறைதான் துணி வெள்ளையாகவே திரும்பியது. ஈரம் காய்ந்த சில நிமிடங்களில் வார்ப்பிரும்பில் செந்நிறத் துரு பூக்கத் தொடங்கும் என்பதால், துடைத்த கையோடு ஆயில் பூசிவிட்டேன்.

கட்டும் வேலை பெரும்பாலும் நேரான வேலை. ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டுப் பிஸ்டன் தலையால் சமமாகத் தள்ளி, ஃபீலர் கேஜ் தகட்டால் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியைப் பார்த்தேன். உள்விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு என்ற பொதுக் கணக்குப்படி இதற்கு 0.28 மி.மீ. வேண்டும், 0.30 இருந்தது. புதிய பேரிங்குகளை ஓர் இரவு ஃபிரீசரில் வைத்து, சூடேற்றிய கிராங்க்கேஸில் போட்டபோது அடிக்காமலே இறங்கின. கிராங்க்கேஸின் இரு பாதிகளுக்கு இடையே கேஸ்கெட் கிடையாது. சீலண்ட் மட்டும்தான், அதையும் மிக மெல்லியதாகப் பூச வேண்டும், பிதுங்கி உள்ளே விழுந்தால் ஆயில் வழியை அடைத்துவிடும். பிளக்கில் பொறி எழச் செய்யும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள், வால்வைத் திறக்க உதவும் புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேல்கீழாக ஆடக் கூடாது.

கிளப்புவதற்கு முன், பிளக்கைக் கழற்றிவிட்டு, வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைத் தளர்த்திவைத்து, அங்கே ஆயில் வந்து கசியும்வரை கிக்கரை மிதித்தேன். எழுபது மிதிக்கும் மேல் ஆனது. மிதக்கும் புஷ் வைத்த எஞ்சினில் இதைச் செய்யாமல் கிளப்பினால், முதல் நிமிடத்திலேயே புதிய பிக் எண்ட் வறண்டு ஓடும். பிறகு பிளக்கை மாட்டி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரசரைப் பிடித்து இடம் பார்த்து மிதித்ததில், மூன்றாவது மிதியில் எஞ்சின் எழுந்தது. குளிர்ந்த எஞ்சினில் ஒன்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த பிஸ்டன் ஒலி இல்லை.

முதல் 100 கி.மீ.யில் ஆயிலை மாற்றினேன். வெளியே வந்த ஆயிலில் வெள்ளிப் பொடி மினுங்கியது, எதிர்பார்த்ததே. 500 கி.மீ.யில் மறுபடி மாற்றியபோது ஆயில் தெளிவாக இருந்தது. அதுவரை மணிக்கு ஐம்பதைத் தாண்டவில்லை. ஆனால் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டும் இருக்கவில்லை. கன்னங்குறிச்சியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் வரை போய், முதல் சில வளைவுகள் மட்டும் ஏறித் திரும்புவேன். ஏறும்போது சிறிது நேரம் இழுக்கவும், இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை மூடி விடவும் அந்தப் பாதை வசதி. ரிங் சுவரில் உட்கார இந்த ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வேண்டும். வளைவுகளில் உயர்ந்த கியரில் திணறவிடாமல் முன்கூட்டியே கியரை இறக்கினேன். மிதக்கும் புஷ்ஷுக்குத் திணறல் ஆகாது.

கூலியாக நான் கொடுத்தது: போர், ஹோனிங் இரண்டும் சேர்த்து 600 ரூபாய், கிராங்க் பிரித்துக் கூட்டி நேர் பார்த்ததற்கும் மேல்முனைப் புஷ்ஷுக்கும் 1,100 ரூபாய், வால்வு சீட் இரண்டுக்கும் 400 ரூபாய். பிஸ்டன் செட், பின், புஷ், பேரிங் எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தவை. செய்த வேலைக்கு இது குறைவு என்றே நினைக்கிறேன், அதை அவரிடம் சொல்லி 300 ரூபாய் சேர்த்துக் கொடுத்தபோது பையன்களிடம் கொடுக்கச் சொன்னார். அங்கே போகிறவர்கள் காலை பத்து மணிக்குமுன் போவது நல்லது. அதற்குப் பிறகு லாரி வேலை தொடங்கிவிடும். சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்தே கொண்டுபோங்கள், கிராங்கை ராடோடு கொண்டுபோங்கள், அடிவிளிம்பை மழிக்கச் சொல்லுங்கள், எண்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1,900 கி.மீ. ஓடியிருக்கிறது. முழுப் பாதையும் ஏறி ஏற்காட்டு ஏரி வரை மூன்று முறை போய்விட்டேன். முதல் ஐந்து வளைவுகளும் மீண்டும் மூன்றாம் கியருக்கு வந்துவிட்டன. மேலே போகப் போக இழுவை சற்றுக் குறைவது தெரிகிறது; அது உண்மையிலேயே காற்றின் குறைவு. கடைசி 1,000 கி.மீ.யில் 100 மில்லி ஆயில்கூட ஊற்றவில்லை. 346 சி.சி. எஞ்சின் கணக்குப்படி இப்போது 354 சி.சி. ஆகியிருக்கிறது, ஓட்டத்தில் அந்த எட்டு சி.சி. தெரிவதில்லை. சிலிண்டரில் 1.00 மி.மீ. படி இன்னும் மிச்சம் இருக்கிறது.